வால் கிழிந்த ஒன்று

காட்டில் முதல் வாரம்
எண்ணுவதற்கு எதுவும் நின்று தரவில்லை.
பிரம்பு முள் சட்டையைப் பிடித்து இழுக்க,
இருவாட்சி ஒன்று தலைக்கு மேலே
மேடேறும் ரயில்போல் மூச்சிரைத்துப் போனது.
'ஒன்று' என்று எழுதினேன்.
சற்றைக்கெல்லாம் அதே மூச்சு.
போனதுதான் திரும்பி வருகிறதோ,
இல்லை வேறொன்றோ.
எழுதிய 'இரண்டை' அடித்துவிட்டேன்.

தார்த்துவிலிருந்து பதினோரு பேர்,
மூன்று விமானம், ஒரு கப்பல், கடைசியில் ஒரு லாரி.
அனோவா எனும் குட்டை எருமையைத் தேடி
நாலு நாள் நடந்தும்
அதன் சாணத்தைத்தான் அளந்தோம்.
பக்கத்தில் அடிக்கோல் வைத்து
ராக்னார் படமெடுத்தான்.
அவன் அம்மா அதைச்
சட்டம் போட்டு மாட்டத்தான் போகிறாள்.

இரண்டாம் வாரம் கடல்.
எங்கள் ஊரில்
ஆறு உறைந்தால் அதன் மேல் நடப்போம்.
உறையாத நீருக்கடியில்
இப்படியொரு கடைத்தெரு இருக்கும் என்று
பாடநூல் சொன்னதை
நம்பாமலே மனப்பாடம் செய்திருந்தேன்.

பவளத்தின் மேல் ஐம்பது மீட்டர் நாடா.
இடப்பக்கம் எனக்கு.
வலப்பக்கம் கெண்டாரிக் கல்லூரி ஹஸ்னிக்கு.
நீருக்குள் எங்கள் மொழி விரல்கள்.
மேலே வந்தால் ஆங்கிலம்;
இருவருக்கும் அது
ஒரே இடத்தில் உடையும்.

காலை ஒன்பது நாற்பது.
சர்க்கரைக் கட்டியைக் கடிப்பதுபோல் சத்தம்.
பச்சையும் ரோஜாவும் பூசிக்கொண்டு
ஒரு கிளிமீன்
பாறையைத் தின்றுகொண்டிருந்தது.
என்னைப் பொருட்படுத்தவில்லை.
பலகையில் பென்சிலால் எழுதினேன்:
கிளிமீன் 1. வாலின் மேல்முனை கிழிசல்.

அன்றிரவு
வா நூரியா சிரட்டைத் தணலில் சுட்டு
எலுமிச்சை பிழிந்து வைத்த தட்டில்
கருகிய வால் விளிம்புக்கு வெளியே நீண்டிருந்தது.
மேல்முனையில் கிழிசல்.

ஹஸ்னியும் பார்த்துவிட்டாள்.
காதிலிருந்து பென்சிலை எடுத்து
மெதுவாகக் கேட்டாள்:
"ஒண்ணு கழிச்சிடவா?"

யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.
"ஒன்பது நாற்பதுக்கு அது உயிரோடு இருந்தது,
கணக்கு சரிதான்" என்றான் ஓட்டோ.
"அப்போ இதுக்கு எந்தக் கட்டம்?" என்றாள் லீஸ்பெட்.
டீச்சர் முள் எடுப்பதில் மும்முரமாயிருந்தார்.

எதற்கு இந்தக் கூச்சல் என்று
படகுக்காரர் லா ஹாமிது கேட்க
ஹஸ்னி அவர் பாஷையில் சொன்னாள்.
அவர் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னார்:
"இது அந்தப் பக்கத்துப் பாறையில் பிடித்தது.
உங்கள் நாடா எங்கே கிடக்கிறதென்று
மீனுக்கா தெரியும்?
வால் கிழிந்தது அங்கே ஒன்றா இருக்கு."

அதுதானா, இல்லையா.
தலைக்கு மேல் மறுபடி அந்த மூச்சிரைப்பு.

பசித்தது. தின்றேன்.
ருசியாக இருந்தது; அதையும் சொல்லத்தான் வேண்டும்.
கடைசியில் தட்டில் மிஞ்சியது
பாறையைக் கடித்த அலகு மட்டும்.
கழுவி வைத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பதற்குள்
முகாம் பூனை கொண்டுபோனது.

பிப்ரவரி. நாலு மணிக்கே இருட்டு.
ஜன்னலுக்கு வெளியே ஆற்றின் மேல்
யாரோ நாயோடு நடக்கிறார்கள்.
ஈரத்தில் ஊறிக் காய்ந்த தாளைப் பார்த்து
அறிக்கைக்குத் தட்டச்சு செய்கிறேன்.
கிளிமீன் வரிசையில், கிழிசல் என்ற குறிப்போடு,
1.
விரல் அழிக்கும் விசையின் மேல்
கொஞ்ச நேரம் நின்றது.
எடுத்துவிட்டேன்.

அதே வாரம் ஹஸ்னியிடமிருந்து செய்தி:
"மறுபடி அதே நாடா.
இந்தத் தடவை உன் பக்கமும் எனக்கே.
வால் கிழிந்தவை மூன்று."

மூன்று என்று பதில் எழுதினேன்.
ராத்திரி என்ன சாப்பாடு என்று
நான் கேட்கவில்லை.